பீம் வந்துச்சா, ஏகாம்பரம்?

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிக்கு இலை போட்டு வைத்து, வந்தாரா, எத்தனை பேராக வந்தார் என்று எழுதிக்கொள்வதுதான் எங்கள் தொழில்.

அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டிடெக்டர் செய்கிறோம். இரண்டு கண்ணாடித் தகடு, நடுவே மெல்லிய இடைவெளி, அதில் வாயு, இரு பக்கமும் மின்சாரம். அணுவைவிடச் சிறிய துகள் ஒன்று ஊடுருவிப் போனால் ஒரு சிக்னல் வரவேண்டும். வருகிறதா என்று பார்க்க, துகள்களை முடுக்கி ஒரே கற்றையாக அனுப்பும் பெரிய கூடத்துக்குக் கருவியைக் கொண்டுபோக வேண்டும். கற்றைக்குப் பெயர் பீம். கூடம் இருப்பது வெளிநாட்டில். எங்களுக்கு அங்கே கிடைத்தது ஒரே வாரம். அதில் சொதப்பினால் நாலு வருட உழைப்பு பரணுக்குப் போய்விடும், ஏனென்றால் எங்கள் கருவியைக் கேட்டிருந்த பெரிய திட்டம் வேறு யாருடையதையாவது எடுத்துக்கொள்ளும். ரேஷன் கடையில் உங்கள் முறை வரும்போது 'சர்வர் இல்லை' என்று கேட்டுத் திரும்பியவரா நீங்கள்? வாருங்கள், நாம் சொந்தக்காரர்கள்.

தூசிக்கு ஒரு பெட்டி

கண்ணாடி உடையாமல் விமானம் ஏற, பெட்டிக்குள் வைக்கக் கெட்டி ஸ்பாஞ்சு தேவைப்பட்டது. நானும் எங்கள் டெக்னீஷியன் ஏகாம்பரமும் தி.நகரில் ஒரு மெத்தைக் கடைக்குப் போனோம். ஏகாம்பரம் பிறந்தது அடையாற்றங்கரையில். இப்போது ஊருக்கு வெளியே அரசாங்கம் மாற்றிக் கொடுத்த வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். ஆனாலும் தினமும் எங்கள் கூடத்தைத் திறப்பவர் அவர்தான். டாக்டர் பட்டம் வாங்கிய நாங்கள் ஆறு பேர் சேர்ந்து உடைப்பதை, பத்தாவது படித்த அவர் ஒருவராக ஒட்டிவிடுவார்.

கடை அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். அளவு குறித்துக்கொண்டே, "உள்ள என்ன வைக்கப் போறிய?" என்று கேட்டார். துகள் பிடிக்கிற கண்ணாடி என்றேன். "துகள்னா? தூசியா?" அதைவிட ரொம்பச் சின்னது, வெளிநாட்டில் போய்ப் பிடிக்க வேண்டும் என்றேன். அண்ணாச்சி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தன் கண்ணாடி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கா அம்புட்டுத் தூரம் போறிய? நம்ம கடை ஷோகேஸ எடுத்துட்டுப் போங்க தாயி, துடைக்கத் துடைக்கப் பிடிக்குல்லா!"

விசா கவுன்டர்

போகவேண்டியது நாங்கள் இருவரும். விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு சின்ன ஏஜென்சியில் உட்கார்ந்தோம். என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று அங்கிருந்த பெண் கேட்டதும், "பீம் டெஸ்ட்" என்றேன். சும்மா விட்டிருக்கலாம். பெருமை விடவில்லை. பீம் எவ்வளவு வலுவானது, எங்கள் கருவி எத்தனை தாங்கும் என்று பத்து நிமிஷம் விளக்கினேன். அவளும் தலையாட்டிக்கொண்டே டைப் அடித்தாள்.

இரண்டு வாரத்தில் ஏகாம்பரத்துக்கு விசா வந்தது. எனக்குக் கட்டுமானத் தொழிலாளர் சான்றிதழ் கேட்டுக் கடிதம் வந்தது. ஏஜென்சிக்கு ஓடினேன். திருத்தி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். எங்கள் வாரமோ இன்னும் பத்தே நாளில் தொடங்குகிறது. வேறு யாருக்கும் விசா இல்லை. ஆக, விமானத்தையே பார்க்காத ஏகாம்பரம் தனியாகப் போவது, நான் வீட்டிலிருந்து கணினி வழியாகக் கண்காணிப்பது என்று முடிவாயிற்று. கோபத்தில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், ஏகாம்பரத்துக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று.

"பீம், பில்லர்னா சிவில்தானே மேடம்? அந்த சார் குழப்பாம 'ஒயரிங் வேலை'ன்னு ஒரே வார்த்தையில சொன்னாரு."

மல்லிகாவின் சந்தேகம்

கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் ஏகாம்பரத்தின் மனைவி மல்லிகா எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டாள். "யக்கா, அந்தப் பீமு மேல பட்டா ஆளு இன்னா ஆவாரு?" நேராகக் கேட்டாள். படவே படாது, பீம் ஓடும்போது யாரும் உள்ளே இருக்க முடியாது, தவறிப்போய் யாராவது கதவைத் திறந்தால் அந்த நொடியே பீம் நின்றுவிடும் என்று படம் போட்டுக் காட்டினேன். ஏகாம்பரம் பக்கத்தில் நின்று, "ஆமா, ஆமா" என்று எனக்குச் சாட்சி சொன்னார்.

மல்லிகா படத்தில் இருந்த கதவின் மேல் விரலை வைத்தாள்.

"எங்கூட்டு பிரிஜ்ஜுல கூட கதவ மூடுனா லைட்டு அணைஞ்சிடும்னுதான் கடக்காரன் சொன்னான். உள்ள பூந்து யாருக்கா பாத்தது?"

ராஜி மாமி வருகிறார்

அங்கே காலை எட்டு என்றால் இங்கே பதினொன்றரை. ராஜா அண்ணாமலைபுரத்தில் என் சாப்பாட்டு மேசையே கட்டுப்பாட்டு அறை ஆனது. கணினித் திரையில் ஒரு ஜன்னலில் ஹெல்மெட் போட்ட ஏகாம்பரம், இன்னொன்றில் எண்ணிக்கை. எண்ணிக்கை பூஜ்யம். ஏனென்றால் பீம் இன்னும் வரவில்லை. எங்கோ ஒரு காந்தம் பழுதாம். முதல் நாள் அப்படிப் போயிற்று. இரண்டாம் நாளும். "பீம் வந்துச்சா, ஏகாம்பரம்?" என்று கால் மணிக்கு ஒருமுறை கேட்பேன். "இன்னும் இல்ல மேடம்" என்பார்.

மாடி வீட்டு ராஜி மாமி தயிருக்கு உறை வாங்க வந்தவர், திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "என்னடி வசந்தி, ஆத்துலயே உக்காந்துண்டு என்ன பாக்கறே? ஒண்ணுமே நகரலயே!" ஒரே பீம்தான் மாமி, பழுது சரியானாலும் வரிசையில் முன்னால் இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு என்றேன். மாமிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. என் பேராசிரியர்கூட அத்தனை சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை.

"அப்போ மெட்ரோ வாட்டர்னு சொல்லேன், முன்னாத்துக்காரா மோட்டார் போட்டுண்டா நமக்கு வராது. அதுலயாவது கடைசில ஒரு குடம் ரொம்பும்டி."

நாலு விரல்

மூன்றாம் நாள் மதியம் பீம் வந்தது. எங்கள் கருவிக்கு முன்னும் பின்னும் அந்தக் கூடத்துக்காரர்கள் வைத்திருந்த இரண்டு சின்னக் கருவிகளும் ஆயிரக்கணக்கில் எண்ணின. நடுவில் இருந்த எங்களுடையது பூஜ்யம். மின்சாரம் சரி. வாயு சரி. வெளி அறையில் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகச் சொன்னேன். பூஜ்யம். மூன்று மணி நேரம் போயிற்று. பேராசிரியர் போனில், "கண்ணாடி விரிசலா இருக்கும், விட்டுடலாம்மா" என்றார். நாலு வருடம்! திரைக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன்.

"மேடம், அழுவாதீங்க. கொஞ்சம் பீம நிறுத்தச் சொல்லுங்க, நா உள்ள போய்ப் பாக்குறேன்" என்றார் ஏகாம்பரம். அங்கே பொறுப்பாளர் ஹென்ரிக், ஆறடிக்கு மேல் ஓர் ஆள், பொறுமைசாலி. நான் ஆங்கிலத்தில் சொல்ல, பீமை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். ஏகாம்பரம் பையிலிருந்து நைலான் நூல்கண்டை எடுத்தார். முன் கருவியின் நடுவில் ஒரு முனை, பின் கருவியின் நடுவில் மறுமுனை. கொத்தனார் சுவருக்குப் பிடிப்பதுபோல விறைப்பாக இழுத்துக் கட்டினார். கேமராவில் நானும் பார்த்தேன், ஹென்ரிக்கும் குனிந்து பார்த்தார். நூல் எங்கள் கருவியைத் தொடவே இல்லை. அதற்கு அடியில் போயிற்று. கருவி வைத்திருந்த மேசையின் உயர எண் சரியாகத்தான் இருந்தது. எங்களுக்கு முன்னால் வந்த குழு மேசைக்கு அடியில் ஒரு பலகையைச் செருகிவிட்டுப் போனதை எந்த எண்ணும் எங்களுக்குச் சொல்லவில்லை.

"நாலு வெரல் மேல குந்திகினு கீது மேடம். பீமு கீழ பூந்து போய்க்கினே கீது, நம்ம பொட்டி பாவம் இன்னா பண்ணும்?"

விசில்

மேசையை இறக்கியதும் எண்கள் கொட்ட ஆரம்பித்தன. நான் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன். ஏகாம்பரம் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். இழந்த நேரத்தைப் பிடிக்க, அடுத்த நாள் நான் சாப்பாட்டு மேசையை விட்டு எழுவதே இல்லை என்று தீர்மானித்து, சமையலையும் பக்கத்திலேயே நடத்தினேன்.

எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று பீம் நின்றது. அங்கே ஆட்கள் ஓடுகிறார்கள். ஏகாம்பரத்தையும் தோளில் கைவைத்து வெளியே கூட்டிப்போகிறார்கள். வாயு கசிந்தால் அலறும் அபாயச் சங்கு கேட்டதாம். எங்கே என்று தேடித் தேடி, கடைசியில் ஹென்ரிக் மைக்குக்கு வந்தபோது என் பின்னால் குக்கர் மறுபடியும் கத்தியது, அங்கே ஸ்பீக்கரில் அதே அலறல். அத்தனை பேரும் என் திரையையே பார்த்தார்கள். ஏகாம்பரம்தான் சைகையில் பருப்பு, அடுப்பு, ஆவி எல்லாவற்றையும் விளக்கினார். ஹென்ரிக் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னது இதுதான்:

"இன்னும் எத்தனை விசில் பாக்கி என்று தெரிவித்தால், அதுவரை காத்திருந்துவிட்டுத் தொடங்குகிறோம்."

மீதி மூன்று

வாரம் முடிந்தது. நூறு துகள் போனால் தொண்ணூற்றேழை எங்கள் கருவி பிடித்திருந்தது. தொண்ணூற்றைந்து பிடித்தால் போதும் என்றிருந்த திட்டம் எங்களை எடுத்துக்கொண்டது. விமான நிலையத்துக்கு நானும் மல்லிகாவும் போனோம். ஏகாம்பரம் இளைத்திருந்தார். மல்லிகா அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, "அந்தத் துகள நீ பாத்தியா?" என்று கேட்டாள். "நா எங்க பாத்தேன்? பொட்டி பாத்துச்சாம், மேடம் சொன்னாங்க" என்றார்.

அவர் அடக்கத்தில் சொல்கிறார் என்று எனக்குப் பொறுக்கவில்லை. இவர் நூல் பிடிக்காவிட்டால் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது, இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்று மல்லிகாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. டாக்ஸி வந்ததும் பெட்டியை ஏற்றினாள். பிறகு, பேராசிரியரும் ஹென்ரிக்கும் அந்தத் திட்டத்தின் பெரிய மனிதர்களும் என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவளும் கேட்டாள்.

"மிச்சம் மூணு எங்கக்கா போச்சு?"

கிடைத்ததைக் கொண்டாட அரை நாள், கிடைக்காததற்கு விளக்கம் எழுத ஒரு வருடம் என்று சுகமாகப் போய்க்கொண்டிருக்கிறது எங்கள் பிழைப்பு.