மணியத்தின் லொறி மூடி

எங்கள் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து ஏற்றப் புது லொறி வந்தபோது, மூத்த டிரைவரான எனக்குத்தான் கிடைக்கும் என்றிருந்தேன். தோட்டத் துரை சாவியை மணியத்திடம் கொடுத்தார். அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் அடங்கவே இல்லை.

என் பழைய லொறி, அவன் புது லொறி இரண்டிலும் புகைக்குழாய் வானத்தைப் பார்த்து நிற்கும். மழைநீர் உள்ளே இறங்கினால் இன்ஜின் பாழ். அதனால் தினமும் வேலை முடிந்ததும் நான் மேலே ஏறி, குழாயின் மேல் வெறும் பால்மா டின்னைக் கவிழ்த்துவிட்டு வருவேன். மணியத்துக்கு அந்தப் பாடு இல்லை. அவன் குழாயில் இரும்பு மூடி. புகை தள்ளினால் திறக்கும். இன்ஜின் நின்றால் தானே மூடிக்கொள்ளும். அது டக் டக்கென்று அடிப்பது என்னைக் கேலி செய்வதுபோலவே இருக்கும்.

ஒரு மாலை, கொட்டும் மழையில், அந்த மூடி கரி பிடித்துத் திறந்தபடியே நிற்பதைக் கண்டேன். மணியம் ஃபெக்டரிக்குள் இருந்தான். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ‘நல்லா நனையட்டும்’ என்று சந்தோஷமாகவே வீட்டுக்கு நடந்தேன்.

காலையில் அவன் லொறி திணறியது. குழாயிலிருந்து கரித்தண்ணீர் தெறித்தது. இன்ஜின் நின்றுவிட்டது. நான் என் லொறியில் ஏறி, குழாய் மேலிருந்த டின்னை எடுக்கும்போதுதான் உறைத்தது: நேற்று நான் அதைப் போடவே இல்லை.

“டின்ன போட மறந்துட்டீங்கண்ணே. வீட்டுக்குப் போறப்ப பாத்து நான்தான் போட்டேன்” என்றான் மணியம். “என்னோடதுக்குத்தான் மூடி இருக்கேன்னு திரும்பிக்கூடப் பாக்கல. நீங்க பாத்திருந்தா சொல்லியிருப்பீங்க.”

“ஆமாப்பா” என்றேன்.

அந்த டக் டக் சத்தம் இன்றும் எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் மழை தூறினால், என் டின்னைத் தேடுவதற்கு முன் அந்த மூடியைத்தான் பார்க்கிறேன்.