செய்யாத ஜெபத்துக்கு நன்றி வாங்க நமுனுகுலவுக்கு

பதுளைப் பக்கம் எல்லோரும் மலை பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள. ஒப்புக்கொள்வேனா, மாட்டேனா என்பது கொழும்பு புறக்கோட்டையில் பஸ் ஏறும்போது எனக்கே தெரியாது.

போன மே மாதம் பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து வாங்கில் உட்கார்ந்து செல்வராணி என்ற தேயிலைத் தோட்டத்துப் பெண் அழுதுகொண்டிருந்தார். கணவர் சரிவில் விழுந்து கால் நொறுங்கிவிட்டதாம், இனி நடப்பது சந்தேகமாம். என் கையில் வேதாகமத்தைக் கண்டதும், "அக்கா, அவருக்காக ஜெபிப்பீங்களா?" என்றார். "தினமும் ஜெபிக்கிறேன்" என்று சொல்லி, போன் நம்பரும் கொடுத்தேன். திரும்பும் பஸ் பண்டாரவளை தாண்டுவதற்குள் சுத்தமாக மறந்துவிட்டேன். சபையில் எழுந்தால் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஜெபிக்கிறவள் நான். வீட்டில் தனியாக முழங்கால் போட்டால் இரண்டாவது நிமிடமே மனசு அடுப்படிக்கு ஓடிவிடும்.

இந்தப் பெப்ரவரியில் செல்வராணி அழைத்தார். கணவர் நடக்கிறாராம். சனிக்கிழமை மூன்று மணிக்கு வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். "உங்க ஜெபந்தான்க்கா. நீங்க வராம நடத்தமாட்டோம்." போனிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வர்றேன்" என்றுதான் வாயில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். பெரகலயில் பஸ் தேநீருக்கு நின்றது. ஏழரை மணி நேரத்தில் பதுளை. டவுனில் 3,500 ரூபாய்க்கு அறை, சுடுதண்ணீர் உண்டு. மறுநாள் 6.30 பஸ்ஸில் பசறை, அங்கிருந்து நமுனுகுலவுக்கு ஆட்டோவில் பதினொரு கிலோமீட்டர், 1,800 ரூபாய். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை.

"செல்வராணி வீட்டுக்கா?" ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "அந்தக் கொழும்பு மிஸ் நீங்கதானா? நீங்க ஜெபிச்சுத்தான் அவர் எந்திரிச்சாருன்னு தோட்டம் பூரா பேச்சுங்க."

கண்ணாடியில் அவர் கண் படாதபடி நகர்ந்து உட்கார்ந்தேன்.

செல்வராணி மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். ரோட்டோரம் ஆட்டோவை விட்டு இறங்கி, சரிவில் ஏறினேன். பனி விலகி நமுனுகுல மலை முழுசாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய ஒன்றின் முன்னால் நிற்கும்போது பேச்சு தானாக அடங்கிவிடுகிறது. ஆனால் செல்வராணி பேசிக்கொண்டிருந்தார், மெதுவாக, நிறுத்தாமல். பக்கத்தில் யாரும் இல்லை.

"யார்கிட்ட பேசுறீங்க?"

"அட, வாங்கக்கா! ஆண்டவர்கிட்டதான். காலையில மொத நிரை உங்களுக்கு." நிரை என்றால் ஒருவர் பறித்துக்கொண்டு போகும் செடிவரிசை. "எங்க வீட்டுக்காரர நீங்க பாத்துக்கிறீங்க. அதனால நான் உங்கள எடுத்துக்கிட்டேன். உங்களப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எங்களுக்காகக் கேக்குற அக்கா களைச்சுப் போகாம பாத்துக்குங்க ஆண்டவரேன்னு நிரை முடியிற வரைக்கும் சொல்லுவேன்."

ஒன்பது மாதம். மழையிலும் அட்டைக்கடியிலும். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"செல்வராணி, நான் ஜெபிக்கவே இல்ல."

கை நின்றது. "ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட இல்ல."

அவர் திரும்பிக்கொண்டு பறித்தார். நாலு செடி தாண்டினார். முகம் சிவந்திருந்தது. "நீங்க இருக்கீங்கன்னுதான் நான் அவருக்காகக் கேக்கிறத விட்டுட்டேன். அவரோ கோவத்துல சாமின்னுகூட வாய் தொறக்கல." சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப அவருக்காக யாருக்கா கேட்டது?"

இருவரும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"யாருமே கேக்காமலா ஆண்டவர் குடுத்திருக்காரு?" என்றார், கிசுகிசுப்பாக.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருடம் பீடத்தருகே நின்று பேசியும் அப்படி ஒரு பயமும் சந்தோஷமும் எனக்கு வந்ததில்லை.

மூன்று மணிக்கு லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீடுகளில் அவர்களுடைய ஒற்றை அறையில், இருபது பேர். செல்வராணி எழுந்து, "இந்த அக்கா எங்களுக்காக ஜெபிக்கல. அத அவங்களே வந்து சொன்னாங்க" என்றார். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். "ஆண்டவர் கேக்காமலே செஞ்சிருக்காரு. இப்ப ஜெபிங்கக்கா."

கண்ணை மூடினேன். மனப்பாடமான வசனங்கள் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, இவரை..." அங்கேயே நின்றுவிட்டேன். கண்ணைத் திறந்து, கம்பு ஊன்றி நின்ற அந்த மனிதரிடம் கேட்டேன்: "உங்க பேர் என்னங்க?"

"மோகன்."

"ஆண்டவரே, மோகன் நடக்கிறார். நன்றி." அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. நான் உண்மையாக ஜெபித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: பெப்ரவரி, மார்ச் நல்ல காலம். காலையில் ஸ்வெட்டர் வேண்டும், மழை பெய்திருந்தால் அட்டைக்கு உப்பும் வேண்டும். பசறைக்குத் திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே விசாரித்து வையுங்கள். அங்கே யாராவது ஜெபிக்கச் சொன்னால், "கட்டாயம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறாதீர்கள். பெயரைக் கேளுங்கள். அங்கேயே நின்று ஜெபியுங்கள். பஸ் போனால் போகட்டும்.