காசு வைத்த பிராவும் ஸ்கூல் பை நாடாவும்

குதித்துப் பார்ப்பது

"இன்னொரு தடவை குதி" என்றேன். எங்கள் தையல் தொழிலில் டிரயல் பார்ப்பது இப்படித்தான். சாத்திய கடைக்குள் செல்வராணி மறுபடியும் குதித்தாள். முதுகுக் கொக்கி தெறித்து மெஷினுக்கு அடியில் போய் விழுந்தது.

அவள் ஆடல் பாடல் குழுவில் பெல்லி டான்ஸ் ஆடுகிறவள். அன்னவாசலில் என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மேடைக்குப் போடுகிற பிரா, குழு ஆன்லைனில் வாங்கியது. மேலே தொங்குகிற காசும் மணியும் அரைக் கிலோவாவது இருக்கும். அதைத் தாங்க வைத்திருப்பது குழந்தை ஜட்டிக்குப் போடுகிற எலாஸ்டிக். ஊசி பிடிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலாஸ்டிக்கை முழுக்கப் பிரித்து எறிந்துவிட்டு, இழுத்தால் நீளாத நாடா வைக்க வேண்டும். கப்புக்குள் கேன்வாஸ் கொடுக்க வேண்டும். கொக்கியைப் பாவாடைக் கொக்கியாக மாற்ற வேண்டும். நான் வைப்பது ஸ்கூல் பை நாடா. நம் பிள்ளைகளின் புத்தகத்தைத் தாங்குகிற நாடா எதையும் தாங்கும்.

போன வருஷம் ஒரு திருவிழா மேடையில் அவளுடைய பிராவின் தோள் பட்டி அறுந்துவிட்டது. கையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடியது வரை யாரோ செல்போனில் எடுத்து அனுப்பிவிட்டார்கள். அது அவள் மகளின் ஹாஸ்டல் வரைக்கும் போனது. இனி ஒரு தடவை அப்படி ஆனால் வேறு பெண்ணைப் போட்டுக்கொள்வேன் என்று குழு நடத்துகிற பாஸ்கர் சொல்லியிருந்தான். மகளுக்கு நர்சிங் கடைசி வருஷம். அது முடிகிற வரையாவது அவள் மேடையில் நின்றாக வேண்டும். செல்வராணி கீழே குனிந்து கொக்கியைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"தோலு கிழிஞ்சாலும் பரவாயில்லக்கா, துணி கிழியக் கூடாது."

தோல் நிறம்

இப்போதெல்லாம் போலீஸ் அனுமதி கொடுக்கும்போதே வயிறு தெரியக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். பெல்லி டான்ஸ் ஆடலாம், பெல்லி தெரியக் கூடாது. அதனால் பிராவின் கீழ்ப்பட்டையிலிருந்து இடுப்பு பெல்ட் வரை தோல் நிறத்தில் நெட் துணி வைத்துத் தைக்கச் சொன்னான் பாஸ்கர். தைத்திருப்பது தெரியவும் கூடாதாம்.

செல்வராணியைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்துப் போட்ட துணி பொம்மைக் கன்னம் மாதிரி ரோஸாக இருந்தது. என் கையை அதன்மேல் வைத்தேன். அவளும் தன் கையை வைத்தாள். கடைக்காரரும் ஒரு பேச்சுக்குத் தன் கையை வைத்துப் பார்த்தார். மூன்று பேருக்கும் பொருந்தவில்லை. வேறு வழியில்லாமல் அதையே வாங்கிவந்து டீத்தூள் கொதிக்கவைத்து, அவளுடைய நிறம் வரும்வரை முக்கி முக்கிக் காயப்போட்டேன். அன்றைக்குக் கடைக்காரரிடம், தோல் நிறம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்காமல் வர முடியவில்லை. துணியை மடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஸ்கின் கலர்னா இதாங்க. யாரு ஸ்கின்னுன்னு கம்பெனிக்காரன் சொல்லலையே."

கட்டுமாவடி

கட்டுமாவடிக் கடலோர மேடையில் ஆடிவிட்டு மறுநாள் காலையில் நேராகக் கடைக்கு வந்தாள். எதுவும் அறுந்துபோகவில்லை. பின்பக்கமாக வளைந்து தலை தரையைத் தொட்டபோதும் ஒரு மணிகூட உதிரவில்லையாம். நான் சந்தோஷப்பட்டு டீ சொன்னேன். அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தச் சொன்னாள்.

ஜாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாள். நாடா ஓடிய இடம் முழுக்க, விலா இரண்டு பக்கமும், தோல் உரிந்து சிவந்திருந்தது. அடியில் பனியன் துணி கொடுத்துத்தான் தைத்திருந்தேன். கடல் காற்றிலும் வியர்வையிலும் அது ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டது. நாடாவின் விளிம்பு அறுத்திருக்கிறது. ஏன் பாதியில் நிறுத்தவில்லை என்று கேட்டேன். அதற்கு அவள் முன்வரிசைப் பையன்களைப் பற்றிச் சொன்னாள். போன வருஷத்து வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தவர்களாம். பாட்டு முடிகிறவரை கையை இறக்காமல் செல்லைத் தூக்கிப் பிடித்தபடி, பட்டி அறுந்துவிழுகிற நேரத்துக்காக நின்றிருக்கிறார்கள்.

"கடைசியில ஒருத்தன், போன வருஷம் அளவுக்கு இல்லடான்னுட்டுப் போறான்க்கா."

சார்ஜர் வயர்

புண் சீழ் வைத்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில், ஆறுகிறவரை உடம்பை இறுக்குகிற எதையும் போடக் கூடாது என்றார்கள். வைகாசித் திருவிழாக்கள் வரிசையாக இருந்தன. புண் ஆறட்டும் என்று எந்த ஊர்க் கமிட்டியும் தேதியைத் தள்ளி வைக்காது.

பாஸ்கர் ஒரு கேரி பேக்கோடு வந்தான். உள்ளே அதே பிரா, அதே பெல்ட், கூடவே ஒரு பழைய சார்ஜர் வயர். வயரில் இரண்டு இடத்தில் நெயில் பாலிஷ் வைத்திருந்தது. செல்வராணிக்குப் பதிலாக ஆடப்போகிற புதுப் பெண்ணின் அளவு அது. ஆளை நேரில் கூட்டிவராமல் கயிற்றிலும் துப்பட்டாவிலும் அளந்து அனுப்புவது இந்தக் குழுக்களில் வழக்கம். எந்தப் புள்ளி நெஞ்சு, எந்தப் புள்ளி இடுப்பு என்று கேட்டால் பெரியது எதுவோ அது நெஞ்சு என்றான். டிரஸ் குழுவுக்குச் சொந்தம், அதனால் இதையே உள்ளே பிடித்து அளவு குறைத்துக் கொடுத்தால் போதும் என்றான். அறுந்தால்தானே வேறு பெண் என்று சொன்னாய் என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை.

"அறுந்துபோகலைதான்க்கா, யாரு இல்லேன்னா? மேடை காலியா நிக்குமா? கெட்டியாத் தச்சிருக்கீங்க, இந்தப் பிள்ளைக்கும் அப்பிடியே பிடிச்சுக் குடுத்துருங்க."

அவன் போன பிறகு செல்வராணி வந்தாள். மெஷினில் இருப்பது என்ன என்று பார்த்தாள். பெஞ்சில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மகளின் படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திரும்பாமலே சொன்னாள்.

"அந்தப் பிள்ளைக்கு அடியில பஞ்சு வச்சுத் தைங்கக்கா."

அறுந்துபோனால் தையல்காரியைத் திட்டுவார்கள், அறுந்துபோகாமல் நின்றால் ஆளை மாற்றுவார்கள், இதுதான் நம் தொழில். பஞ்சு வைத்தேன். வயர் அளவுக்குப் பிடித்ததில் பக்கத்துக்கு மூன்று விரல் நாடா மிச்சம் வந்தது. அதை வெட்டாமல் உள்ளே மடித்து, பிறகு செல்வராணியின் அளவுக்கே பிரிக்கத் தோதாகக் கைத்தையல் இரண்டு போட்டு நிறுத்தினேன்.