எல்லாம் தெரியுமுங்க!

தலைச்சோலை எஸ்டேட் ஒன்றில் பல வருடங்களாகக் காப்பிக்கொட்டை தரம் பிரித்தேன். சமுதாயக் கல்லூரி மேடம் ஒருவர் வந்து, "தரம் பிரிக்கப் புது மெஷின் வருதுங்க. தெரியாததைச் சொன்னீங்கன்னா அதுக்கேத்த பயிற்சி குடுப்போம்" என்றார்.

தெரியாதென்றால் வேலை போய்விடுமே! மீசையை முறுக்கி, "எல்லாம் தெரியுமுங்க" என்றேன். பயிற்சி கரடியூர் எஸ்டேட்காரர்களுக்குப் போனது.

மெஷின் வந்தது. பொத்தானை அமுக்கினேன். அது நல்ல கொட்டையையெல்லாம் கழிவு மூட்டைக்குள் கொட்டியது. நிறுத்தத் தெரியாமல் மெஷினையே கையெடுத்துக் கும்பிட்டேன்.

"நொம்பத் தெரிஞ்சவருங்க நீங்க!" என்றார் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர்.

என் இடத்தில் இப்போது பயிற்சி பெற்ற கரடியூர்க்காரர் ஒருவர். நானோ எங்கே வேலை கேட்டாலும், "தெரியாதுங்க, சொல்லிக் குடுங்க" என்றுதான் தொடங்குகிறேன். ஐம்பது வயதுக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை.