ஆர்லிஸ் மாற்றிய பம்ப்

ஆர்லிஸ் மாட்டுப் பண்ணைகளுக்குப் போய்ப் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். விஸ்கான்சினில் அவள் இருந்த பக்கம் வீட்டைவிட மாட்டுக்கொட்டில் பெரிதாக இருக்கும், வேலைக்குப் பஞ்சமில்லை. எந்தப் பண்ணையில் எந்தக் குழாய் ஒழுகும், எந்த முதலாளி காபி கொடுப்பான், எவன் காபியும் கொடுக்காமல் தலைமேல் நின்று தொணதொணப்பான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாரம் முழுக்க இந்தப் பிழைப்பு. சனிக்கிழமை மட்டும் அவள் தன் புருஷன் டுவேனுக்குக் கையாள்.

டுவேனிடம் ஒரு பழைய பச்சை கார் இருந்தது. ஊருக்கு வெளியே, சோளக்காட்டுக்கு நடுவில், கால் மைலுக்கு நேராக ஓடும் பந்தயத் தடம். இரண்டிரண்டு கார்களாக ஓடுவார்கள். அங்கே வேகமாக ஓடுபவன்தான் ஜெயிப்பான் என்பதில்லை. 'என் கார் இத்தனை செகண்டில் கோட்டைத் தொடும்' என்று அவனவன் கார்க் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதிவிட வேண்டும். மெதுவான காரை அந்த வித்தியாசத்துக்குத் தகுந்தபடி முன்னதாகக் கிளப்பிவிடுவார்கள். கோட்டை முதலில் தொடுபவனுக்கு வெற்றி; ஆனால் தான் எழுதியதைவிட ஒரு மயிரிழை சீக்கிரம் போய்விட்டால் தோல்வி. வாய்க்கொழுப்பு எடுத்தவர்களை அடக்கவென்றே யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த எண்ணை எழுதுவது ஆர்லிஸ். டயரில் காற்றுப் பார்ப்பது, சாண்ட்விச் கட்டுவது, கிளம்பும் இடத்தில் காரை நேராக நிறுத்தச் சைகை காட்டுவது எல்லாமும் ஆர்லிஸ். ஓட்டுவது டுவேன்.

அவளுக்கு ஓட்ட ஆசை. கொள்ளை ஆசை. ஆனால் ஒருநாளும் நேராகச் சொன்னதில்லை. "முதுகு வலிக்குதுன்னியே, இன்னிக்கு ஒரு ஓட்டம் வேணா நான்..." என்று இழுப்பாள். "பரவால்ல, இப்ப சரியாப் போச்சு" என்பான் அவன். டுவேன் கெட்டவன் இல்லை. காது நன்றாகவே கேட்கும். தனக்கு வசதிப்படாத பேச்சு வரும்போது மட்டும் கொஞ்சம் மந்தமாகிவிடும்.

காருக்கு ஒரு சீக்கு இருந்தது. முக்கால் தூரம் அருமையாகப் போகும். கடைசியில் நாலு இருமல் இருமும். வெயில் நாளில் இன்னும் மோசம். டுவேன் சூட்டைக் குறை சொன்னான், தீப்பொறி கொடுக்கும் காயிலைக் குறை சொன்னான், பெட்ரோல் ஊற்றியவனைக் குறை சொன்னான். இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பைச் சொல்லவில்லை, ஏனென்றால் பம்ப் என்று முதலில் சொன்னவள் ஆர்லிஸ். இருமல் வரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் கார் பிழைத்துப் போவதை அவன் கண்டுகொண்டான். அப்படியே ஓட்டி ஓட்டிப் பதின்மூன்று செகண்டும் சொச்சமும், அதாவது 'பதிமூணு நாப்பது', என்று கிளிப்பிள்ளை மாதிரி அதே எண்ணைக் கொண்டுவருவான். நல்ல வெயிலில் அதுவும் கைவிட்டுவிடும். அரையிறுதியில் காரும் இருமும், அவனும் வாயில் வந்தபடி திட்டுவான்.

ஜூலையில் டுவேனும் அவன் கூட்டாளி ரோலியும் வடக்கே ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார்கள். அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் ஆர்லிஸ் ஷெட்டைத் திறந்தாள். ஒரு பெரிய பம்பும், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் ஏற்கெனவே வாங்கித் துணி துவைக்கும் சோப்புப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். டுவேன் ஆயுளுக்கும் கை வைக்காத இடம் அது ஒன்றுதான்.

பெட்ரோலை டப்பாக்களில் வடித்துவிட்டு, ஜாக்கி வைத்து டேங்கை இறக்கினாள். உள்ளே பழைய பம்பின் வடிகட்டி கரி பிடித்த துணி போல இருந்தது. "இதான் உன் காயிலு, இதான் உன் சூடு" என்று ஏரியில் இருந்த புருஷனிடம் சொல்லிக்கொண்டே புதிய பம்பைப் பொருத்தினாள். பெரிய பம்பை வைத்துவிட்டுப் பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டால் அழுத்தம் கட்டுக்கு மீறிப் போகலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பால் கறக்கும் இயந்திரத்தில் இழுவிசைக்கும் இதே கதைதான். பம்பை மட்டும் பெரிதாக்கி ரெகுலேட்டரைக் கவனிக்காத பண்ணையில் மாடு உதைக்கும், உதை வாங்குவது பழுது பார்க்கப் போனவள். எனவே ரெகுலேட்டரையும் மாற்றினாள். இன்ஜினை ஓடவிட்டு, ரெகுலேட்டரின் தலையில் இருந்த சின்ன ரப்பர் குழாயைக் கழற்றி அடைத்து, அழுத்தமானியின் முள் முப்பத்தொன்பதில் நிற்கும்வரை திருகினாள். குழாயைத் திரும்ப மாட்டினாள். ஓட்டுபவன் கண்ணில் படும்படி அந்த அழுத்தமானியை முன்கண்ணாடிக்கு வெளியே பொருத்தினாள். பெட்ரோல் பட்டுக் கையெல்லாம் எரிந்தது. சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வந்த டுவேனுக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த முள்.

"என்ன இது?"

"பம்ப்பு மாத்தியிருக்கேன். ரெகுலேட்டரும்."

"யாரக் கேட்டுத் தொட்ட?"

"யாரக் கேக்கணும்? டேங்க்குல உன் பேரு எழுதியிருக்கா?"

"நல்லா ஓடிட்டிருந்த கார..."

"இருமிட்டிருந்த கார."

ரோலி மீன் பெட்டியைக் கீழே வைத்தான். "நான் கெளம்பறேம்ப்பா. உங்க சண்ட முடியறதுக்குள்ள மீனு நாறிடும்."

சனிக்கிழமை நல்ல வெயில். பந்தயத்துக்கு முன்னால் நடக்கும் சோதனை ஓட்டங்களில் டுவேன் இரண்டு ஓட்டம் ஓடினான். ஓடிய நேரத்தை அச்சடித்துக் கொடுக்கும் முதல் சீட்டு: பதிமூணு நாப்பத்தொண்ணு. இரண்டாவது: பதிமூணு நாப்பது. சீட்டை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே வந்தான்.

"இந்தா, உன் பெரிய பம்ப்பு! ஒரு முடிகூட அசையல."

"ஆர்லிஸ், பழச எறிஞ்சிடாதம்மா" என்றான் ரோலி, வாய் நிறையப் பொரித்த சீஸ். "திருப்பி மாட்ட வேணாமா?"

ஆர்லிஸுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனாலும் கேட்டாள்: "முள்ளு எங்க நின்னுச்சு?"

"முப்பத்தொம்பது. கடைசிவரைக்கும் ஆடல."

"இருமிச்சா?"

"இல்ல." அதை அவன் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னான்.

அவள் கிளம்பும் இடத்தில் நின்று கேட்டிருந்தாள். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் இன்ஜின் சத்தம் தணிந்தது. பெட்ரோல் போதாத இன்ஜின் திக்கித் திணறித்தான் தணியும். இது வழுக்கிக்கொண்டு தணிந்தது, இரண்டு தடவையும் அதே இடத்தில்.

"டுவேன், நீ கால எடுக்கற."

"எடுக்கல."

"எடுக்கற. எப்பவும் இருமுமே, அந்த எடத்துல."

"என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? வேணும்னா நீயே போய் ஓட்டிப் பாரு!" என்று ஹெல்மெட்டை அவள் கையில் திணித்தான். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொல்லிவிட்டான், ரோலியும் கேட்டுவிட்டான்.

அவன் வியர்வை நாறிய ஹெல்மெட்டோடு, முதுகுக்குப் பின்னால் ஒரு ஜாக்கெட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, ஆர்லிஸ் விளக்கைப் பார்த்து உட்கார்ந்தாள். பச்சை விழுந்ததும் மிதித்தாள். கடைசிவரை மிதித்தாள். காரின் இரைச்சல் வயிற்றுக்குள் புகுந்து நெஞ்சு வரை வந்தது. கோட்டைத் தாண்டியபின் வேகத்தைக் குறைக்கவேண்டும் என்பதே அவளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது. சீட்டு கொடுக்கும் ஜன்னலில் கை நீட்டி வாங்கினாள்.

பதிமூணு பூஜ்யம் எட்டு.

டுவேன் சீட்டை வாங்கிப் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தான். ரோலி சிரித்த சிரிப்பில் சீஸ் புரையேறியது. "காருக்கு சீக்கு போயிடுச்சுடா! உன் காலுக்குத்தான் இன்னும் போகல!"

டுவேன் டயர்மேல் உட்கார்ந்து, வலது காலைத் தரையில் அழுத்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "நெஜமாவா எடுக்கறேன்?" என்றான்.

"நெஜமாத்தான்."

"சரி." நிமிர்ந்தான். "ஆனா ஒண்ணு. இந்த ஆட்டத்துக்கு வேகம் எதுக்கு? இனிமே இருமாது. பதிமூணு நாப்பதுன்னு எழுது, அதையே நான் ஓட்டிட்டு வரேன். என் காலு பொய் சொன்னாலும் தெனம் ஒரே பொய்யத்தான் சொல்லுது."

அவன் சொன்னது முழுக்க சரி. ஒலிபெருக்கியில் முதல் சுற்றுக்கு அழைத்துவிட்டார்கள். சுற்று தொடங்கிவிட்டால் ஆள் மாற்ற முடியாது. அவள் கையில் ஷூ பாலிஷ் புட்டி. வழக்கம்போல எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"எனக்கு ஓட்டணும், டுவேன்."

"அதான் ஓட்டினியே."

"பந்தயத்துல. ஜெயிக்கறதுக்காக இல்ல... இல்ல, ஜெயிக்கறதுக்கும்தான். எனக்கு ஓட்டணும். நான் ஒருத்தி இத்தன வருஷமா ஓரமா நின்னு கை காட்டிட்டிருக்கேன், எனக்கு ஓட்டணும்!" அவள் கத்தியதில் பக்கத்துக் கார்க்காரன் திரும்பிப் பார்த்தான்.

டுவேன் அவளையே பார்த்தான். "இத ஏன் முன்னாடியே சொல்லல?"

ஹெல்மெட்டாலேயே ஒன்று போடலாம் என்று அவளுக்கு வந்தது. ஆனால் அவள் சொல்லவில்லைதான். அவன் புட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக் கண்ணாடியில் 13.08 என்று கோணல்மாணலாக எழுதினான். பெயர் மாற்றிக் கொடுக்க, பந்தயம் நடத்துபவர்கள் இருக்கும் கோபுரத்துக்கு ஓடினான்.

எதிரே ஒரு சிவப்பு வண்டி. ஆர்லிஸ் பச்சை விளக்கை ரசித்தாளோ என்னவோ, கிளம்பத் தாமதமாகிவிட்டது. கோட்டில் சிவப்பு வண்டிக்காரன் ஒரு கார் நீளம் முன்னால் இருந்தான். முதல் சுற்றிலேயே அவுட்.

திரும்பி வரும் பாதையில் மெதுவாக ஓட்டி வந்தாள். டுவேன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லமாட்டான், அதுதான் தாங்காது. வண்டியை நிறுத்தியபோது அவன் அங்கே இல்லை.

"எங்க அவன்?"

ரோலி தாடையால் கோபுரத்தைக் காட்டினான்.

முதல் சுற்றில் தோற்றவர்கள் பணம் கட்டி ஒரே ஒருமுறை மறுபடி உள்ளே வரலாம். டுவேன் தன் வாழ்நாளில் ஒருதடவைகூட அப்படி வந்ததில்லை; தோற்றவன் வாலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகணும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். கோபுரத்தில் அந்தப் பணம் கட்டும் ஜன்னலுக்கு முன்னால், தோற்றவர்கள் வரிசையில், தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் நின்றிருந்தான். யாரோ அவனைப் பார்த்து ஏதோ கேட்டுச் சிரித்தார்கள். அவன் திரும்பவில்லை. காரைப் பார்த்ததும்தான் கையைத் தூக்கினான்.

"ஹெல்மெட்டக் கழட்டாத!" என்று கத்தினான்.