ஃபஹ்மிதாவின் பைக்குள் போன உருண்டைகள்

"சத்தியமா நான் வேணும்னு செய்யலம்மா," என்றார் மைதீன்.

"என்ன பாய்? ஆறாம் நம்பர் இருக்கான்னுதான கேட்டேன்!" சந்திரிகா சிரித்தாள். பக்கத்துக் கட்டடத்துக்காரி. கல்யாணத்துக்குப் போடச் செருப்பு வேண்டுமென்று கடை திறந்த கையோடு வந்து நின்றாள்.

பூனா பக்கம் நிக்டியில் மைதீனுக்குச் சின்னச் செருப்புக் கடை. வெளியே மாட்டியிருந்த இடது கால் செருப்பை எடுத்து, பெட்டிக்குள் இருந்த வலது காலோடு சேர்த்து மேஜைமேல் வைத்தபோதுதான் அவருக்கு நேற்றுச் செய்தது உறைத்து, வாய் தானாக உளறிவிட்டது. ஒரே நிறம், ஒரே வார், ஒரே கொக்கி. ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை.

மருமகள் ஃபஹ்மிதா நேற்றெல்லாம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்!

ஃபஹ்மிதா பூனாவிலேயே பிறந்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். கெமிஸ்ட்ரி என்றால் மட்டும் சோறு தண்ணி வேண்டாம். கல்யாணம், பிறகு பிள்ளை என்று ஒரு வருஷம் விட்டுப்போன பி.எஸ்ஸியை இப்போதுதான் திரும்பப் பிடித்திருக்கிறாள். தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே வளைவு வளைவாக அம்பு போடுவாள்.

"இது என்னம்மா, பாம்பா?"

"எலக்ட்ரான் எங்கிருந்து எங்க போகுதுன்னு காட்டுற அம்பு மாமா. இது தப்பாச்சுன்னா மேல எல்லாமே கல்த்திதான்."

இன்றைக்கு வைவா. வெளிக் கல்லூரியிலிருந்து ஆள் வந்து கேள்வி கேட்பார். அதற்காகக் கலர் உருண்டைகளைக் குச்சியில் கோத்து இரண்டு உருவம் செய்து வைத்திருந்தாள். நடுவில் கறுப்பு, சுற்றி நாலு நிறம். ஒன்று ரியாக்‌ஷனுக்கு முன்னால், மற்றது பின்னால். புதிதாக வருவது முதுகுப்பக்கமாக வந்து ஒட்டுமாம். முன்னால் இருந்தது கழன்று போகுமாம். வருவதும் போவதும் ஒரே ரகம்தான், ஆனால் மிச்ச மூன்றும் அப்படியே மறுபக்கம் மடங்கிவிடும். கண்ணாடியில் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

நேற்று சாயங்காலம் பேத்தி நிதா மைதீனின் மடியில் இருந்தாள். ஐந்து மாசம்தான். அதற்குள் தாத்தாவின் தாடியைப் பிடித்து இழுக்கிற இழுப்பில் அவருக்கு உலகமே மறந்துவிடும். தாடியை விட்டவள் எட்டி மேஜைமேல் இருந்ததைப் பிடித்தாள். ஒரு உருவம் தரையில் விழுந்து சிதறியது. மைதீன் உருண்டைகளைப் பொறுக்கி, நின்றிருந்ததைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரியே கோத்தார். இம்மி பிசகவில்லை. "எப்பிடி, தாத்தா கில்லாடில்ல?" என்று நிதாவிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தார். மருமகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

அதே மாதிரி கோத்ததுதான் தப்பு. இரண்டும் இடது காலாகிவிட்டது.

அதுகூடப் பெரிதில்லை. பிரசவத்துக்குப் பிறகு அவள் காலேஜ் போகக் கேட்டபோது, "பச்சப்புள்ளய விட்டுட்டு என்ன படிப்பு? வேணாம்," என்று சொன்ன வாய் இது. ஃபஹ்மிதா உள்ளே போய்விட்டாள். பிறகு மகன் நவாஸ் சண்டை போட்டுத்தான் அனுப்பி வைத்தான். இன்றைக்கு இது தெரிந்தால் அவள் என்ன நினைப்பாள்?

"பேக் பண்ணுங்க பாய்," என்றாள் சந்திரிகா.

"ஒரு நிமிசம்மா," என்று மைதீன் போனை எடுத்தார்.

ஃபஹ்மிதா பஸ்ஸில் இருந்தாள். "என்ன மாமா, நிதா அழுறாளா?"

"இல்லம்மா, வீட்ல உன் மாமிகிட்ட நல்லா இருக்கா. அந்த உருண்டை... நேத்து புள்ள இழுத்துட்டா. நான் கோத்து வெச்சேன். ரெண்டும் ஒரே மாதிரி ஆயிருச்சு. எடுத்துப் பாரு."

பை திறக்கிற சத்தம். "யா அல்லா!" பிறகு பிளாஸ்டிக் குச்சி டக், டக்கென்று கழன்று மாட்டுவது மட்டும் கேட்டது.

"நான் அன்னைக்குப் போக வேணாம்னு சொன்னேன்ல, அதுக்காகச் செஞ்சேன்னு மட்டும் நெனைச்சிராதம்மா. தாடிமேல ஆணை."

கண்டக்டர் மராட்டியில் எதையோ கத்தினார். அது அடங்கியதும் ஃபஹ்மிதாவின் குரல் வந்தது.

"அப்பிடியெல்லாம் நெனைக்கல மாமா. பொம்மைய விடுங்க, அத மாத்திட்டேன். அன்னைக்கு வேணாம்னு சொன்னீங்கல்ல, அதுதான் எனக்கு இன்னும் மனசுக்குள்ளயே கெடக்கு."