மாமன் போட்ட சங்கிலி

பாடியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் ஹேமநாதனுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. வீறாப்பு மட்டும் உண்டு. அயப்பாக்கத்தில் அவர்கள் வகையறாவிலேயே முதலில் கார் வாங்கியவன் அவன்தான். செகண்ட் ஹாண்ட் கார்தான். ஆனாலும் ஞாயிறு தவறாமல் தெருவில் நிறுத்தி, நாலு பேர் பார்க்கக் கழுவுவான்.

தங்கை வடிவின் ஒன்றரை வயதுப் பெண்ணுக்குக் காது குத்து என்றதும், அவள் மாமியார் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும், "கம்மலோட ஒரு சவரன்ல செயினும் போட்றேன்" என்று வாயை விட்டான். யாரும் கேட்கவில்லை. பணம் என்னவோ இருந்தது. இரண்டு வருஷ போனஸை மனைவி கலைவாணி பீரோவில் பூட்டி வைத்திருந்தாள்.

விசேஷத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரிய மழை. ரயில்வே சுரங்கப்பாதையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். எல்லோரும் ஒதுங்கி நிற்க, இவன் காரை உள்ளே விட்டான். நட்டநடுவில் நின்றுவிட்டது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் மேலே வேடிக்கை பார்த்தவர்களில் இரண்டு பேர் அயப்பாக்கத்துக்காரர்கள். அவர்கள் எதிரில் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கித் தள்ளுவதா? சாவியைத் திருகினான். மறுபடியும் திருகினான். உள்ளே ஏதோ டக்கென்றது.

மெக்கானிக் முகமது இஸ்மாயில் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா அண்ணாத்தே, தண்ணியில செல்ப் அட்ச்சியா? உள்ள ராடே வளைஞ்சி கீது." முதலில் நாற்பதாயிரம் என்றார். நாலு நாள் கழித்து, கிளட்ச்சும் போச்சு என்றார். அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு போனுக்கும் கலைவாணி பீரோவைத் திறந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பான்.

மிஞ்சியது கம்மலுக்கும் வெள்ளிக் கொலுசுக்கும்தான் ஆயிற்று. விசேஷத்துக்கு முதல் நாள் தங்கைக்குப் போன் பண்ணினான்.

"வடிவு, செயினு இப்ப முடியாதும்மா. எல்லாத்தையும் காரு துன்னுட்ச்சி."

"பரவால்லண்ணே, நீ வந்து மடியில ஒக்கார வெச்சிக்கோ, அது போதும்" என்றாள்.

அண்ணனூர் மண்டபத்தில் அப்படித்தான் உட்கார்ந்தான். பத்தர் காது குத்த, குழந்தை வீறிட்டு அழுதது. அதன் கழுத்தில் ஒரு சங்கிலி, இரண்டு மடிப்பாகக் கிடந்தது. புதிதாகப் பாலிஷ் போட்டிருந்தாலும் ஹேமநாதனுக்குத் தெரியாமல் போகுமா? வடிவின் கல்யாணத்துக்கு அப்பா போட்ட சங்கிலி.

மைக்கில் ஒருவர் முழங்கினார். "தாய்மாமன் சீர், ஒரு சவரன் தங்கச் சங்கிலி!"

கைதட்டினார்கள். வடிவு யாருக்கோ சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள், இவன் பக்கம் திரும்பவேயில்லை. ஹேமநாதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். நிஜமாகவே நினைத்தான். அதற்குள் வடிவின் மாமனார் வந்து தோளைத் தட்டினார்.

"காரு வாங்கினதும் தங்கச்சிய மறந்துடுவியோன்னு நெனச்சேன் நைனா. சொன்ன மாறியே செஞ்சிட்டியே!"

ஹேமநாதன் வாயைத் திறந்தான்.

"இன்னா மாமா, கீறது ஒரே தங்கச்சி. இத்தகூட செய்ய மாட்டனா?" என்றான்.

கலைவாணி குழந்தையை அவன் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.